அல்லியின் முதல் ஏழு வருடங்கள்

அல்லிக்கு எட்டரை வயது. அதில் முதல் ஏழு வருடங்கள் அவளிடம் இல்லை.

பத்து மாதங்களுக்கு முன்பு அவளைத் தத்தெடுத்த அன்று, குழந்தைகள் இல்லத்து அலுவலர் சுகந்தி அதை ஒளிக்காமல்தான் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கம் பூங்கோதையும் அவள் கணவன் சென்னியப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். அல்லி வெளியே ஊஞ்சலில் இருந்தாள்.

"பதினோரு நாள் சிகிச்சைங்க, இவளுக்கு ஏற்கனவே முடிஞ்சுது. தலையில ஒரு தொப்பி மாட்டுவோம், வலி ஒண்ணும் இருக்காது. தணிப்புன்னு சொல்றோம். பேச்சு, எழுத்து, படிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். நடந்தது மட்டும் போயிடும்."

"அப்ப அவளப் பெத்தவ முகம்?" என்று பூங்கோதை கேட்டாள்.

"அதுவும்தாங்க. நல்லதை விட்டுட்டுக் கெட்டதை மட்டும் எடுக்கற அளவுக்கு இன்னும் வரலை."

"அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு நாங்க தெரிஞ்சுக்கலாங்களா?" என்றான் சென்னியப்பன்.

"சிகிச்சைக்கு முன்னாடி அவ சொன்னது, எங்க ஆளுங்க பாத்தது எல்லாம் முத்திரை போட்டு வெச்சிருக்கோம். அதைப் படிச்சா, அப்புறம் எப்பப் பாத்தாலும் அதுதான் உங்க கண்ணுக்குத் தெரியும். அவ இன்னைக்குத்தான் உங்க வீட்ல பொறந்தான்னு நெனச்சுக்கங்க. அதுதான் எல்லாருக்கும் நல்லது."

அவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் சென்னியப்பன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். பூங்கோதைக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. கேன் கேனாக வரும் பாலைச் சோதித்து டிகிரி பார்ப்பது. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் கருவியில் போட்டுப் பார்க்காமல் ஒருவரையும் குற்றம் சொல்ல மாட்டாள். பதினைந்து வருடப் பழக்கம் அது.

அல்லி வந்த முதல் நாளே பூங்கோதையை "அம்மா" என்றாள். பூங்கோதை அதைச் சென்னியப்பனிடம் இரண்டு தரம் சொன்னாள். மறுநாள் காய்கறிக் கடைக்காரியையும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணையும் அதே குரலில் "அம்மா" என்று கூப்பிட்டாள். பக்கத்து இருக்கைக்காரியின் மடியில் தலை வைத்துத் தூங்கவும் செய்தாள். இறங்கி நடக்கும்போது பூங்கோதைக்குத் தன் மடியில் எதுவோ குறைந்துபோன மாதிரி இருந்தது.

வீட்டில் வேறு சில விஷயங்களும் இருந்தன. குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் எங்கிருந்தாலும் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிடுவாள். பருப்பு வேகாது. சத்தமாகச் சிரித்தால் சென்னியப்பனின் வாயைக் கையால் பொத்துவாள். அவன் அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சிரிப்பான். அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

பூங்கோதையால் பொறுக்க முடியாதது சாப்பாட்டு நேரம்தான். அல்லி ஒவ்வொரு கவளத்தையும் வாயில் போட்டு நன்றாக மெல்லுவாள். பிறகு அதில் பாதியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். சாப்பிட்டு முடிக்கும்போது தட்டின் விளிம்பு நெடுக மென்ற சோறு உருண்டை உருண்டையாக இருக்கும். ஏன் என்று கேட்டால், "தெரியலம்மா. தானா வருது" என்பாள். அன்பாகச் சொல்லிப் பார்த்தார்கள். அதட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அப்படி நடந்ததும் பூங்கோதைக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தப் பழக்கம் போற வரைக்கும் நீ அந்த மூலையில தனியா உக்காந்து சாப்பிடு."

அல்லி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். முகம் சுளிக்கவில்லை. ஒரு வாரம் அந்த மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த வாரமும் உருண்டைகள் குறையவில்லை.

பிறகுதான் பள்ளிக்கூடத்து விஷயம் நடந்தது.

மதிய இடைவேளையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதது. அல்லி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினாள். சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அதன் வாயையும் மூக்கையும் உள்ளங்கையால் பொத்தினாள். ஆசிரியைகள் இருவர் சேர்ந்து இழுத்தும் அந்தக் கையைச் சட்டென்று எடுக்க முடியவில்லை. எடுத்தபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் தெளித்து, முதுகைத் தட்டி, அது மறுபடி அழத் தொடங்கியதும்தான் எல்லோருக்கும் உயிர் வந்தது.

தலைமையாசிரியை அறையில் அல்லி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பூங்கோதை அவள் முன்னால் குனிந்தாள்.

"ஏன் கண்ணு அப்படிச் செஞ்ச?"

"அழுதா."

"அழுதா என்ன?"

"அழக் கூடாது."

"ஏன் அழக் கூடாது?"

அல்லி யோசித்தாள். உண்மையிலேயே தேடிப் பார்க்கிறாள் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. கடைசியில் அவள், "தெரியலம்மா" என்றாள். "நான் கெட்ட பிள்ளை போல."

தலைமையாசிரியை கோபப்படவில்லை. "தணிப்பு ஆன பிள்ளைன்னு சான்றிதழ் இருந்ததாலதான் சேத்தோங்க. அந்தக் குழந்தையோட அப்பா அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும். நீங்க இல்லத்துல பேசிட்டு வாங்க" என்றார்.

சுகந்தி மறுநாளே வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"நூத்துல ஏழெட்டுப் பிள்ளைங்களுக்கு இப்படி ஆகுதுங்க. ஞாபகம் போயிடுது, பழக்கம் தங்கிடுது. ரெண்டாவது தணிப்பு ஒண்ணு இருக்கு. இன்னும் ஆழமாப் போகும். இந்தப் பழக்கமெல்லாம் அடங்கிடும்."

"எங்களப் பத்தின ஞாபகம்?" என்றான் சென்னியப்பன்.

சுகந்தி பேனாவை மூடினார். "சிகிச்சை நடக்கற நாள் வரைக்கும் உள்ளது எல்லாமே போயிடுங்க. பதினோரு நாள் கழிச்சு நீங்க வந்து கூட்டிட்டுப் போகலாம். மறுபடியும் முதல்லருந்து தொடங்கலாம். பத்து மாசம்தானே."

பத்து மாதம்தான். அதற்குள் அல்லி கடையில் உட்கார்ந்து தாமிரக் கம்பியின் கனத்தை விரலால் தடவியே சொல்லப் பழகியிருந்தாள். சைக்கிள் விடக் கற்றிருந்தாள். மழை வந்தால் பூங்கோதையின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள், வேறு யாருடைய முந்தானைக்குள்ளும் அல்ல. அந்த வித்தியாசம் வருவதற்கே எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆனாலும் அந்த நீல உதட்டை நினைத்தால் பூங்கோதைக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. பொத்தான் இல்லாத, தளர்ந்த பருத்திக் கவுன் இரண்டு புதிதாகத் தைத்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள்.

தையல்காரி ருக்மணி கடைத்தெரு மாடியில் இருந்தாள். பெண் குழந்தைகளின் துணி தைப்பதில் பேர் போனவள். அல்லியை நிற்கவைத்து அளவெடுத்தாள். இடுப்பில் நாடாவைச் சுற்றியவள், நிறுத்தி, இன்னொரு தரம் சுற்றினாள்.

"நேரா நில்லு சாமி."

"நேராத்தான் நிக்கறேன்."

ருக்மணி பின்னால் போய்ப் பார்த்தாள். "எடப்பக்கம் ஒரு இஞ்சு ஏறி இருக்குதுங்க. கவுன் ஒரு பக்கம் தூக்கிக்கும், கீழ மடிப்புல சரி பண்ணிடறேன்." நாடாவைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள், "இவளுக்குக் கீழ ரொம்பச் சின்னது இருக்குதுங்களா?"

"இல்லையே. ஒரே பொண்ணு. ஏன் கேக்கறீங்க?"

"புள்ள தூக்கித் தூக்கி வளர்ந்த இடுப்புங்க இது. எனக்கும் இப்படித்தான் இருக்கு, பாருங்க. எங்கம்மா மில்லுக்குப் போக, என் தம்பிங்க ரெண்டு பேரையும் நான்தான் இடுப்புல வெச்சிருந்தேன். எலும்பு வளர்ற வயசுல தூக்கினா அது அப்படியே நின்னுபோகும்."

பூங்கோதை படியிறங்கி வந்தாள். அல்லி முன்னால் குதித்துக் குதித்து இறங்கினாள். பாதிப் படியில் பூங்கோதை உட்கார்ந்துவிட்டாள்.

மென்ற சோறு. தட்டின் ஓரத்தில் யாருக்கோ எடுத்து வைத்த பங்கு. பல் முளைக்காத, அல்லது அரிசிப் பல் மட்டும் முளைத்த யாருக்கோ. அழக் கூடாத யாருக்கோ. தலைமையாசிரியை அறையில் 'தெரியல' என்று சொன்ன பிள்ளை பொய் சொல்லவில்லை. தெரிந்தது எல்லாம் போய், செய்தது மட்டும் கையிலும் வாயிலும் இடுப்பிலும் மிச்சம் நிற்கிறது. அந்தப் பிள்ளையைத்தான் அவள் ஒரு வாரம் சுவர் மூலையில் உட்காரவைத்தாள்.

"என்னம்மா, கால் வலிக்குதா?" என்று கீழேயிருந்து கேட்டாள் அல்லி.

"ஆமா கண்ணு. வந்துடறேன்."

அன்று சாயங்காலம் கடையிலேயே சென்னியப்பனிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நீ கண்ணால பாத்ததை வெச்சு எதையும் சொல்ல மாட்டியே, கோதை."

"அதனாலதான் சொல்றேனுங்க. அந்த முத்திரையைத் திறக்கணும்."

திறப்பதற்கு ஒரு விதி இருந்தது. சுகந்தி அதைத் தன் அறையில் படித்துக் காட்டினார். முத்திரை போட்ட குறிப்பைப் படித்த பெற்றோரின் குழந்தைக்கு அதன்பிறகு தணிப்பு செய்ய முடியாது. கையில் இருக்கும் சான்றிதழும் ரத்தாகும். சான்றிதழ் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் சேர்ப்பது கஷ்டம்.

"நல்லா யோசிச்சுக்கங்க. திங்கக்கிழமை வரைக்கும் நேரமிருக்கு" என்றார்.

"யோசிச்சுட்டோமுங்க" என்று சென்னியப்பன் முதலில் கையெழுத்துப் போட்டான்.

கோப்பு மூன்று பக்கம்தான். சுகந்தியும் அதை அன்றுதான் பார்க்கிறார். அவரே படித்தார், நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தார்.

அல்லியின் தாய் காய்ச்சலில் இறந்திருக்கிறாள். தகப்பன் கடன் கேட்டு வந்த ஆட்களுக்குப் பயந்து எங்கோ போனவன் திரும்பவில்லை. அவனைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூடிக் கிடந்த ஒரு நூற்பாலையின் பஞ்சுக் கிடங்கில் பதினோரு வாரம் அல்லி ஒளிந்திருந்தாள். தனியாக இல்லை. இரண்டு வயது நிரம்பாத, பிறந்ததிலிருந்து அல்லியே இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை கூட இருந்தாள். காய்ந்த ரொட்டி, பச்சைச் சோளம், கோவில் வாசலில் கிடைத்தது, இவைதான் சாப்பாடு. வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சின்னவளின் வாயைப் பொத்தியபடி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். கண்டுபிடித்தபோது அல்லியின் எடை நான்கு வயதுக் குழந்தையின் எடை.

கடைசி வரியைச் சுகந்தி இரண்டு தரம் படித்தார். "இளைய குழந்தையின் எடை வயதுக்குச் சரியாக இருந்தது."

பூங்கோதை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் அளந்து பார்த்தே பழகியவளுக்கு, அந்த இரண்டு எடைகளும் போதுமாக இருந்தன.

"அந்தக் குழந்தை எங்கீங்க?" என்றான் சென்னியப்பன்.

"நாமக்கல்ல ஒரு குடும்பத்துல இருக்கா. நல்லா இருக்கா." சுகந்தி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணா வெச்சிருந்தா, சின்னவளப் பாத்துப் பாத்துப் பெரியவளுக்கு எல்லாம் திரும்ப வந்துடும்னு பிரிச்சிருக்காங்க. அதுவும் நல்லதுக்குன்னு நெனச்சுத்தாங்க."

அல்லியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில் பூங்கோதை சமையலறைத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள். அலங்கரிக்காமல், குறைக்காமல், எட்டு வயதுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அல்லி உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் அவள அடிச்சேனா?"

"இல்ல கண்ணு. ஏன் அப்படிக் கேக்கற?"

"நான் ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டேன்னுதான் எல்லாத்தையும் அழிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

பத்து மாதமாக, அல்லது அதற்கும் முன்பிருந்து, இந்தப் பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். தணிப்பைக் கண்டுபிடித்தவர்கள் எதை எதையெல்லாமோ யோசித்திருப்பார்கள். இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

"தப்பு நீ பண்ணல. அந்த ஒரு வாரம் உன்ன மூலையில உக்கார வெச்சேனே, அது நான் பண்ணின தப்பு" என்றாள் பூங்கோதை. அல்லி ஒரு கைப்பிடி பட்டாணியை அவள் பக்கம் தள்ளினாள்.

பள்ளிக்கூடம் அல்லியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வேறு இரண்டு பள்ளிகளும் மறுத்தன. சென்னியப்பன் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறினார்கள்.

அந்த வீட்டு அம்மாள் பெயர் எஸ்தர். தபால் அலுவலகத்தில் வேலை. தொலைபேசியில் பூங்கோதை பேசியபோது "வாங்க, கண்டிப்பா வாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். இப்போது வாசலில் நின்று அவர்களை உள்ளே அழைத்தாள். அல்லியின் முகத்தைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது.

"சின்னவளுக்குத் தணிப்பு செய்யல, தெரியுங்களா?" என்று மெல்லிய குரலில் பூங்கோதையிடம் சொன்னாள். "அஞ்சு வயசுக்குக் கீழ செய்யக் கூடாதாம், மூளை இன்னும் வளருதாம். அவளுக்குத் தானாவே மறந்துடும்னு சொன்னாங்க. நாங்களும் காத்திருந்தோம்."

"மறக்கலையா?"

"ஒன்னரை வருஷம் ஆகப் போகுதுங்க. தெருவுல எந்தப் பெரிய பொண்ணு போனாலும் ஓடிப்போய் முகத்தைப் பாக்கறா. பாத்துட்டுத் திரும்பி வந்துடறா. யாரைத் தேடறான்னு நீங்க போன் பண்ணின அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

உள்ளறையிலிருந்து ஒரு குழந்தை வந்தது. மூன்று வயதுக்கு மேல் இருக்கும், கொழுகொழுவென்று, கையில் ஒரு மரக்கரண்டி. எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. அல்லியிடம் வந்ததும் நின்றது. கரண்டியைக் கீழே போடவில்லை, ஓடி வரவில்லை, அழவில்லை. நடந்து வந்து அல்லியின் முன்னால் நின்று, பொறுப்பில்லாத ஒருவரைக் கண்டிக்கிற மாதிரி கேட்டது.

"எங்க போன?"

அல்லி திகைத்துப் பூங்கோதையைப் பார்த்தாள். சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று பூங்கோதைக்குத் தெரிந்தது.

அல்லி முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒளிக்கவில்லை. "எனக்கு உன்னத் தெரியாது" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றது குழந்தை.

"நிஜமாவா?"

"ம்."

"அப்ப சொல்லு. நான் எப்படி இருப்பேன்?"

பூங்கோதைக்குக் கோப்பின் மூன்று பக்கங்களும் கண்முன் வந்தன. இருட்டு, பஞ்சு மூட்டைகள், காலடிச் சத்தம், வாயைப் பொத்தும் கை. அந்தப் பிஞ்சு வாயிலிருந்து அதெல்லாம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து ஓர் அடி முன்னால் வைத்தாள். சென்னியப்பன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினான்.

குழந்தை யோசித்தது. யோசிக்கும்போதே அதன் முகத்தில் சிரிப்பு பரவியது.

"நீ பூனை மாதிரி கத்துவ. அப்புறம் பஞ்சை மீசை வெச்சுப்ப. எனக்கும் வெப்ப. நான் சிரிப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பூனை. அப்புறம் நான் பூனை." அவ்வளவுதான் அதற்கு. பதினோரு வாரமும் அதற்கு அவ்வளவாகத்தான் இருந்திருக்கிறது. "கத்து" என்றது.

அல்லிக்கு வெட்கமாக இருந்தது. பெரியவர்கள் பார்க்கிறார்கள். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மியாவ்" என்றாள்.

குழந்தை தலையை ஆட்டி மறுத்தது. கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. தன் வாயை அவள் காதோடு ஒட்டவைத்து, எப்படிக் கத்த வேண்டும் என்று மூச்சுக் காற்றாலேயே கத்திக் காட்டியது. பக்கத்தில் நின்ற யாருக்கும் அது கேட்கவில்லை.